‘அப்பாவுக்கு’ என்றொரு ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கண்ணாடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். காலையில் அம்மா துடைத்துவிட்டுப் போன திரை, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மறுபடியும் மெல்லிய பிசுபிசுப்பைப் பூசிக்கொண்டு மங்கலாக நிற்கும். மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம்; காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உப்போடுதான் வரும். ஜன்னல் கம்பிகள் செதில் செதிலாக உதிரும், பூட்டுக்குள் சாவி திரும்பாது, புதிதாக வாங்கிய சைக்கிளின் செயின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கம்ப்யூட்டரைச் சாகவிடாமல் வைத்திருந்ததுதான் என் சிறு வயதில் நான் கண்ட பெரிய உழைப்பு. அந்த உழைப்பு முழுவதும் அம்மாவுடையது.

அப்பா அளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது டிரைவர் வேலைக்கு மஸ்கட் போனார். முதல் லீவில் வந்தபோது பாண்டிச்சேரிக்குப் போய்க் கம்ப்யூட்டரும், அதன் தலைமேல் உட்கார வைக்கிற ஒரு குட்டிக் கேமராவும் வாங்கி முன்னறையில் வைத்து, அங்கிருந்து தன் முகத்தை எப்படிக் காட்டுவார், இங்கிருந்து நாங்கள் எங்கே உட்கார வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கிளம்பியபோது அம்மாவின் வயிற்றில் தம்பி தினேஷ் இருந்தான். ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் அடுத்த லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் அம்மா தலை வாரி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி என்னை நாற்காலியில் உட்கார வைப்பாள். டெலிபோன் வயர் வழியாக வந்த அந்த இணைப்பு நத்தை மாதிரி ஊரும். முதலில் அப்பாவின் சட்டை வரும், பிறகு மீசை வரும், முகம் முழுதாக வந்து சேர்வதற்குள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அப்படி உடைந்த முகத்தோடுதான் அவர் எங்களிடம் பேசினார். என்ன சாப்பிட்டேன், கணக்கு டீச்சர் அடித்தாரா, பக்கத்து ஊர் அனுமந்தைத் தேருக்குப் போனோமா, அம்மா ஒழுங்காகத் தூங்குகிறாளா என்று எல்லாவற்றையும் கேட்பார். வீட்டில் இருந்த நாட்களில்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

தம்பி பிறந்து சில மாதங்களில், ஒரு வியாழக்கிழமை, கம்ப்யூட்டரைப் போட்டால் ‘பீப் பீப்’ என்று கத்தியதே தவிரத் திரையில் ஒன்றும் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை என்று அம்மா தெருவில் எல்லோரையும் விசாரித்தாள். யாரோ சொல்லிக் கோட்டக்குப்பத்தில் இருந்து சலீம் பாயை வரவழைத்தோம். துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஊரில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். அம்மா வயதுதான் இருக்கும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற முடியாமல் திருகாணிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒரு வழியாகத் திறந்து, உள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார்.

“இந்தா பாருங்கக்கா, உப்பு பூத்திருக்குது. இத்த வெச்சிகினு எப்டி ஓடும்?”

என் பென்சில் டப்பாவிலிருந்த ரப்பரை வாங்கி அந்தத் தகட்டின் விளிம்பைத் தேய்த்தார். மங்கிப் போயிருந்த மஞ்சள் பற்கள் பளபளவென்று வந்தன. திரும்பச் செருகியதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அம்மா டீ கொடுத்துவிட்டு, தம்பி குப்புற விழுந்ததை எடுத்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினாள். கம்ப்யூட்டர் தலைமேல் இருந்ததில் அல்ல, அப்பா விட்டுப்போன இன்னொரு சின்னக் கேமராவில் எடுத்தது. அந்த இணைப்பில் அதையெல்லாம் அனுப்ப முடியாது. அதனால் ‘அப்பாவுக்கு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அவர் வருகிற அன்றைக்குக் காட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

சலீம் பாய் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் துபாய்ல இருக்கசொல்ல என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சா. நான் வர்றப்ப ஓடிகினு இருந்தா. நடுவுல ஒண்ணுமே எனக்குத் தெரியாதுக்கா,” என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மிஷின் கெட்டா வேற வாங்கிக்கலாம். இது போச்சுன்னா எங்க போயி வாங்குறது? மாசா மாசம் ரெண்டு சிடில எழுதி வெச்சிடுங்க. ஒண்ணு வீட்ல இருக்கட்டும், இன்னொண்ண இந்தக் காத்து வராத ஊர்ல வெய்யுங்க,” என்றார்.

அன்று முதல் வியாழக்கிழமை கம்ப்யூட்டரின் நாளாகிவிட்டது. சமையலை முடித்துவிட்டு அம்மா பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் காற்றாடியின் தூசியைத் தட்டி, ரப்பரால் பற்களைத் தேய்த்து, திருகாணிகளுக்குத் துளி எண்ணெய் வைத்து மூடுவாள். திரைக்கும் பெட்டிக்கும் பழைய உள்பாவாடையில் உறை தைத்திருந்தாள். அடுத்தது வைரஸ் பிடிக்காமல் காக்கிற புரோகிராமைப் புதுசு புதுசாக இறக்கிக்கொள்ளும் வேலை. அது மதியம் முழுக்க இழுக்கும். அந்த நேரத்தில் யாராவது டெலிபோனைத் தொட்டால் தொலைந்தார்கள். கடைசியில், உள்ளே சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒழுங்குபடுத்துகிற ஒன்றை ஓடவிடுவாள். திரையில் நீலமும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறும். பாத்தி கட்டிய அளத்தை உயரத்திலிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். நீ எப்போது உயரத்திலிருந்து பார்த்தாய் என்று அம்மா சிரித்தாள். ஆனால் அவளும் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“வசந்தா கம்ப்யூட்டருக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுறாடி,” என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா கண்டுகொள்ள மாட்டாள். வெள்ளிக்கிழமை அது ஓடவில்லை என்றால் அந்த வாரம் எங்களுக்கு அப்பா இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டாவது சிடி திண்டிவனத்தில் இருந்த சாந்தி சித்திக்குப் போனது. முதல் தடவை கொண்டுபோய்க் கொடுத்தபோது சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க வீட்ல கம்ப்யூட்டரே இல்ல. நான் இத்த வெச்சிகினு எப்டிக்கா பாக்குறது?”

“பாக்குறதுக்கு இல்லடி. வெச்சிக்கிறதுக்கு.”

அந்த ஃபோல்டரில் தம்பி வளர்ந்தான். தவழ்ந்தான், ஈறு தெரியச் சிரித்தான், உப்புக் குவியலில் விழுந்து எழுந்து உதட்டை நக்கி முகத்தைச் சுளித்தான், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தான். வெள்ளிக்கிழமைகளில் திரையைத் தடவித் தடவி, கம்ப்யூட்டருக்கே ‘அப்பா’ என்று பெயர் வைத்துவிட்டான். உறை போட்டு மூடியிருந்தாலும் பக்கத்தில் போய் அதைத் தட்டி, “ப்பா, ப்பா” என்பான். அம்மா அப்போதெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்று அப்பா சொன்ன வருடம் மழை பேய் மழையாகப் பெய்தது. அளமும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. திண்டிவனம் ரோடு தண்ணீருக்குள் போக, பஸ் நின்றுபோனது. அந்த மாதங்களில்தான் தம்பி பேச ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் ‘அப்பா’வையும் ‘வா’வையும் ஒன்று சேர்த்து, அணைந்திருந்த திரையைப் பார்த்து, “அப்பா வா” என்றான். தானாகச் சொன்னான். அம்மா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோதும் நிறுத்தவில்லை. அவள் எடுத்து முடிக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பெட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தது. திரை நீலமாகி, பிறகு கருத்தது. அம்மா திறந்து ரப்பரால் தேய்த்தாள், பிரஷ்ஷால் தட்டினாள், மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் சலீம் பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். குழந்தையின் நெஞ்சில் டாக்டர் காது வைப்பதுபோல அதை வைத்துக்கொண்டிருந்தார்.

“இது போச்சுக்கா.”

“உள்ள இருக்குறது?”

“மெட்ராஸ்ல எங்கயோ எடுக்குறாங்கன்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்லக்கா. உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது.”

வீட்டுச் சிடிக்களைப் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை அம்மா திறந்தாள். மூடி அவ்வளவு இறுக்கமாக இருந்தும், சிடிக்களின் வெள்ளிப்பூச்சு புள்ளி புள்ளியாகத் தின்னப்பட்டிருந்தது. சலீம் பாய் எடுத்துப்போய்த் தன்னிடமிருந்த கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டைத் தவிர எதுவும் திறக்கவில்லை. அம்மா அழவில்லை. பஸ் எப்போது விடுவார்கள் என்று மட்டும் தெருமுனைக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் விட்டதும் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் போனாள். ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளம் அசையாமல் நின்றது. சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், “எங்கடி வெச்ச?” என்றாள். சித்தி பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்புகளுக்குள் அவ்வளவு சிடிக்களும் வெயிலில் வைத்த கண்ணாடி மாதிரி பளபளத்தன. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

எல்லாம் இருந்தது, மழைக்கால மாதங்களைத் தவிர. அவற்றை எழுதிய சிடி, பஸ் ஓடாததால் எங்கள் வீட்டு டப்பாவைத் தாண்டவேயில்லை. டப்பாவில் கெட்டுப்போனவற்றோடு அதுவும் கெட்டிருந்தது. கேமராவின் மெமரி கார்டையோ அடுத்ததை எடுப்பதற்காக எப்போதோ துடைத்துவிட்டிருந்தோம். அம்மா தம்பியைப் புது ஹார்ட் டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தி, “சொல்லுடா கண்ணு, அப்பா வா சொல்லு,” என்று கெஞ்சினாள். அவனுக்கு அதற்குள் ஊர்ப்பட்ட வார்த்தைகள் வந்துவிட்டன. “பிஸ்கட் குடு,” என்றான். அதையும் எடுத்து வைத்தாள்.

அப்பா ஒரு காலையில் காரில் வந்து இறங்கினார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தம்பி அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “யாருடா வந்திருக்குறது?” என்று அம்மா கேட்டாள். அவன் நேராக முன்னறைக்கு ஓடி, கம்ப்யூட்டரின் உறையைத் தட்டி, “அப்பா,” என்று எங்களுக்குக் காட்டினான். தோளில் மாட்டிய பையை இறக்காமல் அப்பா வாசற்படியிலேயே நின்றார்.

அன்று மதியம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஃபோல்டரைப் பார்க்க ஆரம்பித்தவர், பிறகு வந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டோடும் அங்கேதான் இருந்தார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போடுவார். திரையில் ஓடுகிற குழந்தை யாரென்று பார்க்க வந்த தம்பி, முதலில் நாற்காலியைப் பிடித்து நின்றான், பிறகு அவர் முழங்காலைப் பிடித்தான், பிறகு ஒரு நாள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்பா மூச்சுகூட விடாமல் இருந்தார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: “வசந்தா, இதுல நீ எங்க?”

“நான்தானேங்க எடுக்கறேன்.”

“அதான் கேக்கறேன். எல்லாத்துலயும் உன் கொரல் மட்டும்தான் இருக்குது. ஒரு எடத்துலகூட நீ இல்ல.”

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா எழுந்து கேமராவை எடுத்தார். “ஏங்க, போதுங்க, மூஞ்சி கழுவல,” என்று அவள் மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த லீவு முழுக்க அவர் அவளைத்தான் எடுத்தார். துணி உலர்த்துகிறவளை, மீன் அலசுகிறவளை, வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் தேய்க்கிறவளை.

லீவு முடிந்து போனவர் அதற்குப் பிறகும் பல வருடங்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்துகொண்டிருந்தார். பிறகு கையில் ஸ்மார்ட்ஃபோன் வந்தது. எந்த நாளும் முகம் பார்க்கலாம் என்று ஆனதும் வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக எதுவும் இல்லாமல் போனது; பேச்சும் “சாப்டியா, சரி வெக்கிறேன்” என்ற அளவுக்குச் சுருங்கியது. கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் தூக்கிப் போனார். முன்னறையில் அது இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் கட்டில் கிடக்கிறது. சர்க்கரையும் முழங்கால் வலியுமாக ஊரோடு வந்துவிட்டார். நாள் முழுவதும் எதிரே இருக்கிறார், அதிகம் பேசுவதில்லை. கட்டம் கட்டமாக உடைந்த முகத்தோடு என் கணக்கு டீச்சரைப் பற்றிக் கேட்ட அந்த அப்பாவுக்காக, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நான் ஏங்குகிறேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

சென்னையில் என் ஃபோன் நான் தூங்கும்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. என் மகளின் படங்கள் எடுத்த நொடியிலேயே எங்கேயோ போய்ப் பத்திரமாகிவிடுகின்றன. யாரும் எதையும் துடைக்க வேண்டாம், பஸ் ஏற வேண்டாம். நான் அவற்றைத் திரும்பப் பார்ப்பதும் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் கூடிப் பேசுவது அந்த மழைக்காலத்து வீடியோவைப் பற்றித்தான். சென்ற பொங்கலுக்கு, காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற தம்பிதான் ஆரம்பித்தான். அவன் வாசற்படியில் நின்று கூப்பிட்டதாக அம்மா சொன்னாள். முக்காலிமேல் ஏறி நின்று கூப்பிட்டதாக எனக்கு நினைவு. அன்றைக்குச் சிவப்புச் சட்டை போட்டிருந்தான் என்று அம்மா புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். சட்டையே போடவில்லை என்றேன் நான்.

“யார் சொல்றது கரெக்ட்டுப்பா?” என்று தம்பி அப்பாவைக் கேட்டான்.

அப்பா கட்டிலில் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்.

“என்னக் கேட்டா? நான் எங்கடா இருந்தேன் அப்போ?” என்றார்.