தும்பிக்கை எந்தப் பக்கம்

என் கணவர் நகை அச்சு வெட்டுபவர். டாலரோ தோடோ, முதலில் இரும்பில் ஓர் அச்சு வேண்டும். அதில் தங்கத் தகட்டை வைத்து அடித்தால்தான் உருவம் எழும். தி. நகரில் ஒரு மாடியில் எங்கள் சின்ன மில்லிங் மெஷின் இருக்கிறது. கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாக ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாதை போட்டுக் கொடுத்தால் அது வெட்டும். பாதை போடுவது அவர் வேலை. சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்த பிறகு அது என் வேலையாயிற்று.

"கொஞ்சம் மங்கலா கீது, அவ்ளோதான்" என்பார். கண் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. விழித்திரையில் கசிவு, ஊசி போட்டுப் பார்ப்போம், போன பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் இந்த மனுஷன் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே அழுதுவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அவர் எதிரே போகும் முன் முகத்தைச் சரிசெய்துகொள்வேன். நானும் பயந்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் இடிந்துபோய்விடுவார்.

எங்கள் சாஃப்ட்வேர் எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. அதற்காகவே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கெஞ்சிக் கொஞ்சி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கறுப்புத் திரை, எறும்பு எறும்பாக எழுத்து, பெரிதாக்கவும் வழியில்லை. வெட்டப்போகும் உருவத்தைப் புதிய சாஃப்ட்வேர்கள் அப்படியே பொம்மை மாதிரி காட்டுமாம். இது கோடுகளை மட்டும் காட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக, சிக்கெடுக்காத தலைமுடிபோல. புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், "மெஷினுக்கு இது பேசுனாத்தான் புரியும்" என்பார்.

நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவள். எனக்கு மைனஸ் என்றால் நஷ்டம். இங்கேயோ மைனஸ் போட்டால்தான் கட்டர் இரும்பில் இறங்கும். மறந்தால் காற்றிலேயே வேலையெல்லாம் பார்த்துவிட்டு, முடிந்தது என்று சமர்த்தாக நின்றுவிடும். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கட்டரைத் தூக்கவும் சொல்ல வேண்டும். அதை ஒருநாள் மறந்தேன். அச்சில் இருந்த லட்சுமியின் கன்னத்தில் குறுக்கே கோடு விழுந்து கட்டரும் முறிந்தது. "இன்னாமா, மகாலட்சுமிக்குத் தழும்பா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள், இதெல்லாம் எனக்கு எப்போது வரும், அதுவரை இவர் கண் தாங்குமா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஓயாமல் சொல்லும் ஒரு பாடம் உண்டு: "கண்ணாடி போட மறக்காத." அச்சில் எல்லாம் இடவலம் மாறியிருக்க வேண்டும், அப்போதுதான் அடித்த நகையில் நேராக வரும். படத்தை அப்படித் திருப்பிப் போடுவதற்கு எங்கள் கடையில் கண்ணாடி போடுவது என்று பெயர். அதை மட்டும் நான் மறந்ததே இல்லை. வினை அதில்தான் வந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து நகைக்கடைக்காரர் ஒருவர் பிள்ளையார் டாலருக்கு அச்சு கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். கூடவே குரல் செய்தி: "இடம்புரிதான் வேணும். வலம்புரின்னா ஆசாரம் பாக்கணும்னு ஒருத்தரும் வாங்க மாட்டாவ." நான் வழக்கப்படி கண்ணாடி போட்டேன். பாதையும் போட்டேன். பிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. இடம் என்றால் நமக்கு இடமா, பிள்ளையாருக்கு இடமா? அச்சில் அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? தலை சுற்றியது. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"தும்பிக்கை சரியான பக்கம் இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

வந்து குனிந்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"சரியா கீது. ஓட்டு."

ஓட்டினேன். வெளியே மெட்ரோவுக்குத் தோண்டும் சத்தம், உள்ளே கட்டரின் கீச்சல். சாயங்காலம் வரை வெட்டியது. அச்சு முடிந்ததும் சப்பாத்தி மாவை அதில் அழுத்தி எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதற்கென்றே வீட்டிலிருந்து ஓர் உருண்டை கொண்டுபோவேன். அழுத்தி உரித்தேன். பிள்ளையார் அழகாக வந்திருந்தார். தொப்பை, கொழுக்கட்டை எல்லாம் இருந்தது. தும்பிக்கை மட்டும் மாறியிருந்தது. சுத்தமான வலம்புரி.

போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது புரிந்தது. அது டாலரின் படமே இல்லை, தேய்ந்துபோன பழைய அச்சின் படம். ஏற்கெனவே திரும்பியிருந்த பிள்ளையாரை நான் இன்னொரு தரம் திருப்பியிருக்கிறேன். இரும்பு போகட்டும், மேலே சீவிவிட்டு மறுபடி வெட்டிக்கொள்ளலாம். எனக்குக் கோபம் அவர்மேல்தான். நான் புதிது. காலமெல்லாம் பிள்ளையார் வெட்டிய மனுஷன் இவ்வளவு நேரம் குனிந்து எதைப் பார்த்தார்?

மாவுப் பிள்ளையாரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் நெற்றியில் தொடங்கி மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். தும்பிக்கை திரும்பும் இடத்தில் விரல் நின்றது.

"வலம்புரி ஆயிடுச்சே" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் கண் மாவின் பக்கமே இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தது.

"அப்ப ஸ்க்ரீன்ல இன்னா பாத்தீங்க?"

"ஓரத்துல கோடு ஓடிச்சு. நடுவுல ஒண்ணும் இல்ல."

"தெரியலன்னு சொல்லவேண்டியதுதானே."

"சொன்னா நீ பயந்துடுவ."

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பொடி எழுத்துதான் தெரியவில்லை, மற்றதெல்லாம் தெரிகிறது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"எழுத்து சின்னதாச்சே, அதனாலதானே?"

"எழுத்த வுடு. உன் மூஞ்சியே தெரியல, ரொம்ப நாளா. குரல வச்சுதான் நீ சிரிக்கிறியா, இன்னா ஏதுன்னு கண்டுபுடிச்சுக்கினு கீறேன்."

அந்த முகத்தைத்தான் இத்தனை நாளும் சரிசெய்து சரிசெய்து அவர் எதிரே கொண்டுபோயிருக்கிறேன். அவர் மாவை உருட்டிப் பிள்ளையாரைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சிரிக்கிறியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். குரலைச் சரிசெய்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.