ஆணி அடிச்சது யாரு?

மைசூர்ல ஒரு சுவர் கொஞ்சம் தடியா இருந்தாப் போதும், மகாராஜா கட்டினதுன்னு சொல்லிடுவாங்க. எங்க ஆபீசுக்கு அதுதான் சோறு போடுது. பழைய கட்டடத்தை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டருக்குள்ள அச்சு அசலா இன்னொண்ணு எழுப்பறது எங்க பொழப்பு. ஒரு முக்காலி, அது மேல தலையைச் சுத்திச் சுத்திப் பாக்கற ஒரு டப்பா. வெயில்ல அதைத் தூக்கிக்கிட்டு அலையறவ நான். ஏசி ரூம்ல உக்காந்து "நம்ம டெக்னாலஜி"ன்னு பீத்திக்கறவரு எங்க முதலாளி.

தேவராஜ மொஹல்லாவுல ஒரு அரசாங்கக் கட்டடம் எங்களுக்குக் கெடைச்சுது. பேரு வேண்டாம், வம்பு. உள்ள ஆபீஸ், சுத்தி வளைவு வளைவா வராந்தா, வளைவுக்கு ஒரு கடை. பின்பக்க வளைவுல ஒரு அக்கா டீக்கடை வச்சிருந்தாங்க. தமிழ்நாட்டு எல்லையோரம் கொள்ளேகால்காரங்க, கொங்குத் தமிழ்தான் பேசுவாங்க. அந்த டீ உள்ள போகலேன்னா எனக்கு மண்டை ஓடாது.

மொதல் நாள் சும்மா டேப்பை எடுத்துக்கிட்டு ஒரு சுத்து வந்தேன். அக்கா கூப்பிட்டாங்க.

"எதுக்கு அம்மிணி அளக்கறீங்க?"

"படம் எடுக்கத்தான்க்கா. கட்டடத்தைக் கம்ப்யூட்டர்ல போடப் போறோம்."

"அளக்க வர்றவங்க எல்லாம் அப்படித்தானுங் சொல்றாங்க. பின்னாடியே ஜேசிபி வருது."

தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே டீயை ஆத்தினாங்களே தவிர, ஒரு வார்த்தையையும் நம்பலை.

ஸ்கேன் அன்னிக்குப் போனா, கடையைக் காணோம்! ஸ்டவ், பெஞ்சு, மேல கட்டின பிளாஸ்டிக் ஷீட்டு, ஒண்ணும் கிடையாது. தரையைக் கழுவி விட்டுட்டுப் போயிருந்தாங்க மகராசி. முதலாளிக்கு ஒரே குஷி. "பாத்தியா, எவ்வளவு லட்சணமா இருக்கு!" எனக்கு டீ இல்லாத கடுப்பு. மிஷினை மூட்டை கட்டின மறுநாளே கடை பழையபடி முளைச்சிருந்துச்சு. "இருபது நிமிசம் போதும் அம்மிணி, நாங்க கடையைச் சுருட்டிருவோம்"னு அக்காவுக்கு அவ்வளவு பெருமை.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு அறிவிப்பு. கட்டடத்தை ரிப்பேர் பண்ணப் போறாங்க. முடிஞ்சதும், ஏற்கெனவே கடை வச்சிருந்தவங்களுக்கு அங்கேயே இடம். சேதி தெரிஞ்சு புதுசா எவனும் கடை போட்டு உரிமை கேக்கக் கூடாதுல்ல? அதனால ஸ்கேன் பண்ணின எங்க கம்ப்யூட்டர் மாடல்ல எந்தக் கடை இருக்கோ அதுதான் கணக்கு. முதலாளி காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாரு. எனக்கு அக்கா கடை ஞாபகம் வந்துச்சு. ஜெராக்ஸ் கடைக்காரர் காயப்போட்ட பனியன் கூட மாடல்ல இருக்கு. அக்கா வளைவு மட்டும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.

அக்கா எங்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. அழுகையும் ஆத்திரமும்.

"நேர்ல வந்து பாருங்கங்கறேன், மாடல்ல இல்லையேங்கறாங்க. என்ற கடையை நானே அழிச்சுப் போட்டனே அம்மிணி! புள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

கையில துண்டுக் காகிதம் கிடையாது. ஒரு வளைவு மிச்சமானா யாருக்குக் கசக்கும்? பக்கத்துக் கடைக்காரங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துல ஞாபக மறதி. அவங்க டீயைக் குடிச்சே தொப்பை வளத்த ஆபீஸ்காரங்க "நோடோணா, நோடோணா"ன்னாங்க. பாக்கலாம்னு அர்த்தம். மைசூர்ல பாக்கலாம்னா, நடக்காதுன்னு அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு அவங்க எல்லாரையும் மாடல்லேருந்து அழிச்சிருப்பேன்.

கம்ப்யூட்டரைத் தொறந்து அந்த வளைவைக் கிட்டக் கொண்டு வந்தேன். கடைதான் இல்லை. சுவர்ல கரி, வளைவு உச்சி வரைக்கும். கரிக்கு நடுவுல ஆணி, ஆணியா. மாடலோட சேத்துக் குடுக்கற சேதப் பட்டியல்ல நானே எழுதியிருந்தேன்: புகைக்கறை, ஆணிகள், காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாம என்ன? சுவரைப் பாழாக்கினா அபராதம், அதான் எழுதலை.

"அக்கா, இந்தக் கரி, ஆணியெல்லாம் நான்தான்னு நீங்க ஒத்துக்கிட்டா இடம் கெடைக்கலாம். இல்லே, அபராதத்தோட வெளிய தள்ளலாம். எனக்குச் சொல்லத் தெரியலை."

அக்கா முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

யாருக்கு எந்த இடம்னு முடிவு பண்ற மீட்டிங் அன்னிக்கு மாடலைச் சுவர்ல பெரிசாக் காட்டினோம். ரிப்பேருக்குப் பொறுப்பான அரசாங்க இஞ்சினியர், அக்கா ஊர்ப்பக்கம் ஹனூர்க்காரரு, தமிழ் நல்லாப் புரியும். அந்த வளைவு வந்ததும் அவருக்கு மூக்கு செவந்துருச்சு.

"மகாராஜா காலத்துச் சுவரு! எந்தப் பாவி வேலை இது?"

எல்லாரும் ஃபேனைப் பாத்தாங்க. முதலாளி என்னை முறைச்சாரு. பின்வரிசையில அக்கா எழுந்திரிச்சாங்க.

"நான்தானுங் சார். அது என்ற அடுப்புக் கரி. ஆணியும் நான்தான் அடிச்சேன்."

"சும்மா சொன்னா ஆச்சா? இடம் கெடைக்கும்னா யாரும் சொல்லுவாங்க."

அக்கா விறுவிறுன்னு முன்னாடி வந்து படத்துல கையை வச்சாங்க. "இதுல பால் தூக்கு. இதுல பன்னுப் பை. இது சாமி படம். கீழ இருக்கறது என்ற மகளோட ஸ்கூல் பை, அவளுக்கு எட்டோணுமில்லீங்? நான் எடக்கைக்காரி சார், அடுப்பு எடப்பக்கந்தான். கரி அங்கதான சாஞ்சிருக்குது, பாருங்."

கரி இடப்பக்கந்தான் சாஞ்சிருந்துச்சு. இஞ்சினியர் எழுந்து படத்துக்கிட்ட வந்து பாத்தாரு. அப்புறம் கிளார்க்கைப் பாத்து, "இவங்களுக்கு இடம் எழுதிக்கோ. ஆணிக்கு அபராதமும் எழுதிக்கோ"ன்னாரு. எனக்கு உயிர் வந்துச்சு. மனுசன் அதோட விட்டிருக்கலாம். வளைவு உச்சிக்கிட்ட தனியா இருந்த ஒரு ஆணியைக் காட்டி, "அங்க எப்படிம்மா உனக்கு எட்டுச்சு?"ன்னு கேட்டாரு.

"அது நான் அடிச்சதில்லீங். என்ற ஊட்டுக்காரர் அடிச்சது, சட்டையைக் கழட்டி மாட்டறதுக்கு. ஒரு நாள் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனவருதான். அந்த ஆணிக்கு மட்டும் அபராதத்தை அவரு பேருல எழுதுங்க சார். ஆளு எங்க இருக்காருன்னு கண்டுபுடிச்சீங்கன்னா, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி உடுங்க."