மாமாவுக்குப் பின்னால் யாரும் இல்லை

என் மாமா சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் மலை தானாகக் குனிந்து முதுகைக் காட்டும். காற்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எதிரே வரும். சிறுத்தை ஓரமாக நின்று வழிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்ளும். சாட்சி மட்டும் கேட்காதீர்கள். அவர் சைக்கிள் ஓட்டுவதை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அவருக்கு முன்னாலேயே போய்விடுவார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சைக்கிளைத் தொங்கவிட சுவரில் இரண்டு கொக்கி. விருந்தாளி வந்தால் நாற்காலியில் உட்காரலாம். இதுவரை அதில் துண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் முன்பக்கம் வெளிச்சமும் சிரிப்புமாக இருக்கும். மாமா பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பார். மெஷின் சத்தத்தில் நாள் முழுக்கப் பேச்சு கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவர் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அவரைத்தான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்காட்டுப் பாதை. பேக்கரிக்காரர், பல் டாக்டர், மாமா, நான். பள்ளிக்கூடமும் நானும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட பிறகு, என்னை எங்காவது ஓட்டிவிட்டால் போதும் என்று வீட்டில் நினைத்ததால் நானும் சேர்த்தி.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்ததும் கிளம்ப வேண்டும். கடைசி ஆள் யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரக் கூடாது. அந்த வேலை எப்போதும் மாமாவுக்குத்தான். ரயிலின் கடைசிப் பெட்டியில் வருகிறவர் மாதிரி என்று அவருக்குக் 'கார்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் நல்ல சட்டம்தான். ஆனால் முன்னால் போனவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பன்னைத் தின்று, கதை பேசி முடித்திருப்பார்கள். மாமா மூச்சு வாங்க வந்து ஒற்றைக் காலை ஊன்றுவார். "கார்டு வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார்கள். களைத்து வருகிறவருக்கு மட்டும் ஓய்வு கிடையாது. இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. மாமாவும் சொன்னதில்லை.

அன்று காலை டயருக்குக் காற்றடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். சைக்கிளைத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். இன்று போவதுதான் கடைசியாம். முட்டி வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள்.

"முட்டியெல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு. நான் போனாலும் போகாட்டியும் அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி என்னைப் பார்த்தாள். வீட்டில் எது உடைந்தாலும் என்னைப் பார்ப்பது வழக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பயணத்தை மறக்க முடியாதபடி செய்வது என் கடமை என்று தோன்றியது. முதல் பிரிவைத் தாண்டியதும், விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் சைக்கிளோடு பதுங்கினேன். மாமா கடந்து போனதும் பின்னாலேயே போய்ச் சிறுத்தை மாதிரி உறுமுவது திட்டம். அவர் வந்தார், போனார். சத்தமில்லாமல் தொடர்ந்தேன்.

"கல்லு. பாத்து," என்றார் மாமா.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "வேர் இருக்கு, இடது பக்கமா வா," என்றார். பிறகு, "சரிவு. பின் பிரேக்க மட்டும் பிடி."

அது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சத்தம் கொடுப்பார். பேக்கரிக்காரர் டாக்டருக்கு, டாக்டர் எனக்கு, நான் மாமாவுக்கு. நான் பாதி நேரம் மறந்துவிடுவேன். மாமாவுக்குப் பின்னால் மரங்கள்தான். அவர் ஒரு கல்லைக்கூட விடாமல், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில், யாருமில்லாத பாதைக்குச் சொல்லிக்கொண்டே போனார். தொண்டையில் தயாராக இருந்த சிறுத்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

அடுத்த பிரிவில் பையன் எங்கே என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா முகம் வெளுத்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். செயின் கழன்றுவிட்டது, ஓரமாக நின்று மாட்டினேன் என்று அளந்தேன். நீ வாயை மூடினால் செயின் தானாக மாட்டிக்கொள்ளும் என்றார் பேக்கரிக்காரர். வண்டி சரியில்லை, இன்றைக்கு நானே கார்டாக வருகிறேன் என்றேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் என் செயின் தவறாமல் கழன்றது. அவருக்குக் கேட்கட்டும் என்று "மாட்டிட்டு வர்றேன், நீங்க போங்க" என்று கத்திவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காட்டில் தனியாக உட்கார்ந்தால் நம் மூச்சே யாரோ விடுகிற மாதிரி கேட்கிறது. மாமா இதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பாரோ. சாவகாசமாகப் போய்ச் சேரும்போது அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், கையில் பாதிப் பன் இருக்கும். கடைசிப் பிரிவில், டாக்டர் யாருக்கோ நல்ல பல்லைப் பிடுங்கிய கதையைக் கேட்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவின் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

காட்டைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் மற்ற இருவரும் விடைபெற்றுப் போனார்கள். மாமா சைக்கிளை நிறுத்தினார்.

"கையக் காட்டு மாப்ள."

காட்டினேன். லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலைலேர்ந்து செயின் மாட்டுன கையா இது? டாக்டர் கைகூட இவ்ளோ சுத்தமா இருக்காது."

மாமா என் செயினில் விரலைத் தேய்த்து, அந்தக் கறுப்பை என் உள்ளங்கையில் நிதானமாகப் பூசினார்.

"அடுத்த வாரம் கிளம்பும்போதே பூசிட்டு வந்துடு," என்றார்.