பையைப் பார்த்துக் கும்பிட்டவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில், கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும் என்ற பயம்தான்.

நான் கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் போட்டோ எடுக்கும் கிறுக்குப் பிடித்து ஒரு கேமரா வாங்கினேன். கூடவே இலவசமாக ஒரு பை கொடுத்தார்கள். அதற்குள் ஒரு கைக்குழந்தையைப் படுக்கவைக்கலாம். முன்னால் கம்பெனிப் பெயர் சிவப்பு எழுத்தில் பளபளக்கும். அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால், "காதுகுத்துக்கு வருவீகளா? ஆல்பத்தோட எம்புட்டு?" என்று கேட்பார்கள். வெட்கப்பட்டு பையை வீட்டிலேயே வைத்தேன். பையோடு கேமராவும் வீட்டிலேயே கிடந்தது.

தினமும் தோளில் கிடக்கிற மாதிரி ஒரு சின்னப் பை இருந்தால் போதும் என்று தோன்றியது. கேமரா, கூட ஒரு லென்ஸ், மாற்று பேட்டரி, துடைக்கிற துணி, அவ்வளவுதான் என் சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பையில் உள்ளே மெத்தை இல்லை, கீழே வைத்தால் லென்ஸ் அடிவாங்கும். ஒன்றில் ஜிப் வெளிப்பக்கம் இருந்தது, பஸ் கூட்டத்தில் யார் கைவிட்டாலும் தெரியாது. இன்னொன்று ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் முட்டியில் இடித்தது. கூட வந்த என் வீட்டுக்காரர் மூன்றாவது வாரம் பொறுமை இழந்துவிட்டார். "உன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நான் இம்புட்டு யோசிக்கலடி" என்றார். "யோசிச்சிருக்கணும்" என்றேன்.

கடைசியில் கிடைத்தது. கறுப்பு நிறம், கைக்கு அடக்கம், மேலே எழுத்து எதுவும் கிடையாது, ஜிப் உடம்புப் பக்கம். முன்னால் காகிதம் வைக்க ஒரு தட்டையான அறை. கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. போட்டோகிராபர் மாதிரியே இல்லை என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம். பின்னே எந்த மாதிரி இருக்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பள்ளிக்கு லீவு விட்டார்கள். விட்டதும் வெயில் அடித்தது, அது எப்போதும் நடப்பதுதான். பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். காமயகவுண்டன்பட்டி ரோட்டோரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். பழுக்கிற பருவத்தில் மழை விழுந்ததால் கொத்துக் கொத்தாகப் பழங்கள் வெடித்துத் தொங்கின. வெடித்த இடத்தில் சாறு கசிந்து, அதன் மேல் தேனீ உட்கார்ந்து, பந்தல் இடைவெளி வழியாக வெயில் விழுந்து... வண்டியை நிறுத்திச் சேற்றில் இறங்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோட்டக்காரர் அவர்தான். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைப் பார்த்தார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"வாங்க மேடம். சேதத்தைப் பாக்க ஆபீஸ்ல இருந்து வருவாகன்னு சொன்னாக. காலையில இருந்து இங்கனயேதான் நிக்கிறேன்."

எங்கள் பக்கம் தோட்டக்கலை ஆபீசில் பெண்கள் நிறையப் பேர். ஸ்கூட்டியில்தான் வருவார்கள், தோளில் ஒரு கறுப்புப் பை இருக்கும். மழையில் போன பயிரைப் படம் எடுத்து, எழுதிக்கொண்டு போவார்கள். அப்புறம் நிவாரணம் வரும். என்னை அவர் அப்படித்தான் நினைக்கிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் புரிந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "போன தடவ வந்த மேடம் ரோட்ல நின்னே எழுதிட்டுப் போயிட்டாக. நீங்க சேத்துல எறங்கி வர்றீக. நல்லா இருப்பீக" என்றார். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. பள்ளியில் கரஸ்பாண்டெண்ட் முன்னால் கைகட்டி நிற்கிறவள் நான். இவ்வளவு மரியாதையை யார் எனக்குத் தந்தார்கள்? போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பந்தலுக்குள் குனிந்து போனேன்.

அவர் வரிசை வரிசையாகக் கூட்டிப்போனார். "இதை எடுங்க மேடம், இங்கன பூராம் அழுகிருச்சு" என்று காட்டுவார். நான் அதற்குப் பக்கத்தில் தேனீ உட்கார்ந்திருக்கும் கொத்தை எடுப்பேன். "ஆளு நின்னாத்தான மேடம் நம்புவாக" என்று இரண்டு கையிலும் வெடித்த கொத்துகளை ஏந்தி நின்றார். எடுத்தேன். அவர் மனைவி ஒரு காகிதத்தில் பெயரும் சர்வே நம்பரும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிப் பையின் முன்அறையில் வைத்தேன். எதற்கு வாங்கினேன்? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

கிளம்பும்போது அவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மேடம், கெட்டதை வெட்டி எறிஞ்சிரவா? இல்ல அப்படியே விட்டுவைக்கணுமா?"

எனக்கு மறுநாள் காலை வெயிலில் இன்னொரு தடவை எடுக்க ஆசை. "இருக்கட்டும், இப்ப வெட்டாதீங்க" என்றேன்.

மறுநாள் பள்ளி திறந்துவிட்டது. அதற்கடுத்து பரீட்சை. தேனீ படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். காமயகவுண்டன்பட்டியை மறந்தே போனேன். மூன்று வாரம் கழித்து, அவர் கொத்தோடு நிற்கிற படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். படத்தைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார், அப்படியே உண்மையையும் சொல்லிவிடலாம் என்று கணக்கு.

ரோட்டிலேயே புளித்த வாடை அடித்தது. அக்கம்பக்கத் தோட்டங்களில் எல்லாம் கெட்டதை வெட்டி, அடுத்த பருவத்துக்குக் கொடியை ஒட்ட நறுக்கிக் கவாத்து பண்ணியிருந்தார்கள். இவர் பந்தலில் மட்டும் கொத்துகள் கறுத்துச் சுருங்கித் தொங்கின, ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனைவியைப் பார்த்து, "நான் சொல்லல? மேடம் வருவாகன்னு சொல்லல?" என்றார்.

நடந்தது இதுதான். நான் போன மறுவாரம் ஆபீஸில் இருந்து நிஜமாகவே ஆட்கள் வந்திருக்கிறார்கள். இவர், "எங்க தோட்டத்த ஏற்கனவே மேடம் வந்து எடுத்துட்டுப் போயிட்டாக" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறு யாரோ எழுதிவிட்டார்கள் என்று அவர்களும் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். வெடித்த பழத்தைச் சாறு பிழிய எடுக்கிற வியாபாரி வந்து கேட்டபோதும், மேடம் வெட்ட வேண்டாம் என்றார்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டியல் வந்தபோது அதில் இவர் பெயர் இல்லை. அப்படியும் என்னைச் சந்தேகப்படவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர்.

"நான் ஆபீசர் இல்லைங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருந்தது.

அவர் மனைவிதான் பேசினார். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஆத்தா. அன்னைக்கே வெட்டியிருந்தா பாதிக் கொடியவாச்சும் காப்பாத்தியிருப்போமே. நோயி இப்பத் தண்டுல ஏறிருச்சே" என்றார். மேடம் போய் ஆத்தா ஆனேன். அதற்கும் எனக்குத் தகுதியில்லை.

மறுநாள் லீவு போட்டு ஆபீஸுக்கு ஓடினேன். என் படங்களைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி என்னை விடச் சின்னப் பெண். திட்டாமல் கேட்டுக்கொண்டார். பட்டியல் மேலே போய்விட்டது, இனி சேர்க்க வழியில்லை, தங்கள் ஆட்கள் மொபைல் ஆப்பில் இடம், தேதியோடு எடுத்த படம்தான் செல்லும் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் அழுகையால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

அவர் அந்த வருடம் கொடியைத் தூரோடு வெட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்கிறார். பையில் அந்த சர்வே நம்பர் காகிதத்தை வாங்கி வைத்தவளுக்கு அந்தச் சமாதானம் எடுபடாது.

அன்று, மனைவி பேசி முடித்த பிறகு, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அப்ப எதுக்கும்மா எடுத்தீக?" அழுகிக்கொண்டிருந்த அவர் பிழைப்பு என் கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதுதான் உண்மையான பதில். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை கேமராவைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதில் தொண்டையில் கசந்துகொண்டே இருக்கிறது.