021 போட்டு எடுத்த வீடு

இணுவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மெலிந்து உயர்ந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். போனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். "இணுவில், சொல்லுங்கோ" என்பார்.

அப்பாவுக்குக் காது கேளாது, போனில் கதைக்க முடியாது. வேலைக்காக நான் கொழும்புக்குப் போனபோது, அப்பாவைத் தினமும் பார்த்துச் சொல்வதாக இந்த மனிதர்தான் முன்வந்தார்.

"கைபேசிக்கு எடுக்காதையுங்கோ தம்பி, உதிலை எங்கையிருந்தும் பொய் சொல்லலாம். வீட்டு நம்பருக்கு எடுங்கோ. கொழும்பிலை இருந்தெண்டால் முன்னுக்கு எங்கடை பக்கத்துக் கோட் 021 போடவேணும்."

மாலைதோறும் 021 போட்டு எடுத்தேன்.

"இணுவில், சொல்லுங்கோ. அப்பா புட்டுச் சாப்பிட்டவர். உங்களைத்தான் கேட்டவர்."

ஒரு மாலை கொழும்பு வெள்ளவத்தையில் என் ஜன்னலுக்குக் கீழே கடற்கரை ரயில் கூவிக்கொண்டு போனது. அதே கூவல் போனுக்குள்ளும் கேட்டது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"வேறை எங்கை, வீட்டிலைதான்."

மறுநாளே ஊருக்குப் போனேன். அவர் வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கியது. வீட்டுப் போனுக்கு வரும் அழைப்புகளைக் கைபேசிக்குத் திருப்பிவிட்டு, கொழும்பில் மகளோடு போய் இருந்துவிட்டாராம், எதிர்வீட்டில் சொன்னார்கள். அப்பா வாடிப்போயிருந்தார். பூட்டைக் கைகாட்டி, "உவர் போய்க் கனநாள்" என்றார்.

சொல்லாமல் போனதை மறந்துவிடலாம். புட்டையும் மறந்துவிடலாம். அப்பா என்னைக் கேட்டதாகச் சொன்ன பொய்யை மட்டும், அந்த மனிதரால் ஒவ்வொரு மாலையும் எப்படி அவ்வளவு அன்பாகச் சொல்ல முடிந்தது?