அம்மா சொல்லாத பெயர்

காலை ஒன்பது பத்துக்கு, ஜார்ஜ்டவுன் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அந்தப் பழைய பேரேட்டைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது, பெயர்க் கட்டத்தில் இருந்த ஒரே சொல்: தம்பி.

“தம்பின்னு ஒரு பேரா, அண்ணே? அப்போ நானும் உங்க வீட்டுப் பிள்ளைதான் லா!” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிறக்குமுன், மூன்றாம் மாதத்தில் இறந்துபோன என் அண்ணனின் பதிவு அது. எங்கள் முன்னோரைப் பற்றி நான் விசாரித்து எழுதியதற்கு, யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் கடிதம் போட்டிருந்தார். அவர் ஊரிலிருந்து மலாயாவுக்கு மூன்று குடும்பங்கள் வந்தனவாம். அவற்றில் ஒன்று மட்டும், வேறெங்கும் கேள்விப்படாத ஒரு பெயரைத் தலைப்பேரனுக்கு விடாமல் வைத்து வந்ததாம். ‘அப்பப்பாவின் பெயரை எழுதுங்கள், உங்கள் ஆட்கள் யாரென்று சொல்கிறேன். மாத முடிவில் ஊரை விட்டுப் போகிறேன். அதன்பின் என்னைப் பிடிக்க முடியாது.’

அப்பா இறந்து பன்னிரண்டு வருடம். அவருடைய தாள்களில் எல்லாம், அவரைப் பெற்ற அப்பப்பா ஒரு தலைப்பெழுத்து மட்டுமே. முழுப் பெயர் அண்ணனுக்குத்தான் வைக்கப்பட்டது.

கெலுகோர் வீட்டில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“பதியப் போனது நீங்களா?”

“அப்பாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷன்ல வேலை. நான்தான் போனன்.”

“பேரைச் சொல்லாமல் ‘தம்பி’ என்றீர்களா?”

“மாமான்ர பேரை, கந்தோர் கிளாக்கருக்கு முன்னால, நான் வாயால சொல்லுறதோ?”

மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் பிள்ளைக்கு வந்தாலும் சொல்லக் கூடாது.

“எழுதித் தாங்கோ.”

“எழுதினா என்ன, சொன்னா என்ன.”

“நான் சொல்லுறன், தலையை ஆட்டுங்கோ.”

“சிவன்ர பேர்தான். அவ்வளவுதான் சொல்லுவன்.”

“சிவனுக்கு ஆயிரம் பேர், அம்மா.”

“அப்ப ஆயிரத்தையும் சொல்லு. எனக்குக் கீரை இருக்கு.”

கோயிலில் அர்ச்சனைப் புத்தகம் வாங்கி வந்து மூன்று சாயங்காலம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் தலைப்பெழுத்தில் வந்த எதற்கும் அவர் முகம் அசையவில்லை. “மாமா வீட்டார் வைச்ச பேர் புத்தகத்தில இருக்காது,” என்றார் கடைசி நாளில். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மேசையில் வீசினேன். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாமி மாடத்தில் வைத்தார். பத்திரிகையில் இருபது வருடம் ஊரார் பெயர்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். அப்பப்பாவின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தன.