லேபிள் போன ஒயின்

யேசுதாசன் என் சின்னம்மையின் கடைசி மகன். சின்னம்மையின் மாமனார் வீட்டார்தான் ஊர்க் கோயிலில் சவேரியார் சுரூபத்தை, அதாவது சிலையை, துடைக்கிறவர்கள். மாமனாருக்கு முன்னால் அவர் தகப்பனார், அதற்கும் முன்னால் யாரோ. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, பொட்டு அழுக்கில்லாமல் தூக்கி வைப்பார்கள். அந்தக் கை இவனுக்கும் வந்தது. வந்த கை, துபாய் தேராவில் ஒரு ஹோட்டலின் ஒயின் ரூமில் போய்ச் சேர்ந்தது.

தகப்பன் குடித்தே போனதால், ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டவன் இவன். ஆனால் நாளெல்லாம் ஒயினோடுதான் பாடு. குளிருக்குள் நின்று நின்று முட்டு இரண்டும் போயிற்று. ஷார்ஜாவில் என் மகன் வீட்டுக்கு வந்தால் பாதிப் பேச்சில் கண் சொருகிவிடும். “எக்கா, நீ சொல்லிட்டே இரி, கேட்டுட்டுதான் இருக்கேன்” என்பான். அடுத்த நிமிஷம் குறட்டை.

பெற்ற மூன்று பிள்ளைகளுக்கும் இவன் இல்லாமல்தான் ஞானஸ்நானம் நடந்தது. மூத்தவள் ஜெஸிக்கு அது மனதில் கிடந்தது போல. “அப்பா வந்து எம் பிள்ளையத் தூக்கிட்டு நின்னாதான் தண்ணி ஊத்தணும்” என்று சொல்லிவிட்டாள். லீவு கிடைத்து, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போதுதான் அந்த பாட்டில் வந்து குறுக்கே விழுந்தது.

பிரான்சில் ஒரு மலைச்சரிவில், ஒரு அண்ணனும் தங்கையும் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அண்ணன் செத்ததும் நிலத்தை விற்றாயிற்று. வாங்கினவன் கொடியெல்லாம் பிடுங்கிவிட்டான். அண்ணன் கடைசியாகப் பிழிந்த சிவப்பு ஒயினில் ஒரே ஒரு பாட்டில் இந்த ஹோட்டலில் கிடந்தது. துபாயில் வேலை பார்க்கும் அந்தத் தங்கையின் மகன் அதைக் கண்டுபிடித்து, கிழவியாகிவிட்ட அம்மாவின் பிறந்தநாள் விருந்தில் திறக்க ஏற்பாடு செய்தான்.

பாட்டிலை எடுத்துப் பார்த்தால் பூசணமும் தூசியும். தோட்டக்காரி கண்ணில் இப்படியா காட்டுவது என்று யேசுதாசன் துணியை நனைத்துத் துடைத்தான். சுரூபம் துடைக்கிற அதே துடைப்பு. லேபிள் கூழாகிக் கையோடு வந்துவிட்டது.

மேனேஜர் அனந்தகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னய்யா பண்ணி வெச்சிருக்க? பழைய ஒயின்னா அந்த அழுக்குதான்யா அழகு!”

“வந்தவங்க பாத்தா நமக்கில்லா சார் கேவலம்?”

“பேரில்லாத பாட்டில எதை நம்பி அவங்க குடிப்பாங்க? நீயே வந்து சொல்லு. அவங்க கம்ப்ளெயின்ட் பண்ணா உன் லீவு கேன்சல், சொல்லிட்டேன்.”

சமையல்கட்டு கலீலுர் ரஹ்மான் வேறு, “பாட்டிலுக்கே ஞானஸ்நானம் குடுத்துட்டீரே ஓய், இனி ஊருக்கு எதுக்குப் போறீரு?” என்றானாம். இவனுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

மேஜைக்குப் போய், தெரிந்த இங்கிலீஷில், “மேடம், நான்தான் துடைத்தேன், மன்னிக்கணும்” என்றான். அந்த அம்மாள் பாட்டிலைத் தடவிப் பார்த்தாள். மகன் முகம் சிவந்தது. அவளோ சிரித்தாளாம்.

“மாவுப் பசை. அடுப்படி மேஜையில் நானும் அண்ணனும் உட்கார்ந்து ஒட்டினது. நல்ல பசை வாங்கு, வாங்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கஞ்சன் கேட்டானா?”

கார்க் பாதி நொறுங்கித்தான் வந்தது. மீதிப் பாதியில் குடும்பப் பேரும் வருஷமும் சுட்ட அடையாளமாக இருந்தன. அதை அவள் மகனிடம் நீட்டிக் காட்டினாள். அப்புறம் மெதுவாக ஒரு வாய் குடித்தாள். கிளாஸில் ஒயின் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. ஈரச்சாக்கும் காய்ந்த நாவல்பழமும் சேர்ந்த மாதிரி வாசம் என்று யேசுதாசன் சொன்னான்.

“எப்படி இருக்கு அம்மா?” என்றான் மகன்.

“ஓய்ந்துபோச்சு. இன்னும் முன்னாலேயே திறந்திருக்கணும். பரவாயில்லை, அவனும் கடைசியில் இப்படித்தான் இருந்தான்.”

கிளாஸை அவள் கீழே வைக்கவில்லை. இவனைப் பார்த்து, “நீயும் உட்காரேன், நிற்க முடியாமல் நிற்கிறாய்” என்றாள். டூட்டியில் உட்காரக் கூடாது. மேனேஜர் காணாததுபோல மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஒயின் வேண்டாம் என்றதும் அவள் வற்புறுத்தவில்லை.

கம்ப்ளெயின்ட் வரவில்லை, லீவும் போகவில்லை.

ஊரில் நடந்ததை ஜெஸி எனக்கு போனில் சொன்னாள். அப்பா பிளேனிலும் தூங்கி, காரிலும் தூங்கி, கோயிலில் பிள்ளையைக் கையில் வாங்கியதும்தான் கண்ணைத் திறந்தாராம். பங்குச் சாமியார் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டது. தலையைத் துவட்ட வெள்ளைத் துணியைத் தாத்தாவிடம் நீட்டினார்கள். பரம்பரையே துடைக்கிற வீடு. ஆனால் யேசுதாசன் வாங்கவில்லை.

“நீ தொடச்சிரு மக்கா,” என்று மகளிடம் சொல்லிவிட்டானாம். “நான் பிடிச்சிட்டு மட்டும் நிக்கேன்.”